எல்லா லயத்திலும் தொங்கல் காம்பரா

இரகுநாதன் சேருக்கு எதையும் பெரிதாகச் செய்யவேண்டும். பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஏழு வீடுகளைக் கையளிப்பதற்கு அவர் பந்தல் போட்டார், வாழை கட்டினார், கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதரை வரவழைத்தார். யாருக்கு வீடு என்று குலுக்கல் எடுப்பதையும் குடத்துக்குள் கையை விட்டுச் செய்யக்கூடாதாம், கம்பியூட்டரில்தான் நடக்கவேண்டுமாம். அன்றைக்கு ஒரு பழைய குடத்தையும் கொஞ்சம் கடதாசியையும் கொண்டு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் சொல்லிப் பார்த்தேன். அந்த அலுவலகத்தில் தேத்தண்ணி ஊற்றும் நேரத்தில் மட்டும்தான் என் பேச்சைக் கேட்பார்கள்.

பதுளையில், பஸ் நிலையத்துக்கு மேலே ஏறும் தெருவில் எங்கள் அலுவலகம். மண்சரிவு அபாயமுள்ள தோட்டங்களில் வீடு கட்டிக் கொடுக்கும் ஒரு திட்டம். சேர் அதன் முகாமையாளர். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார். நான் முஷ்ரிபா. கணக்குக்கும் கடிதங்களுக்கும் பொறுப்பு, வாய்க்கும் பொறுப்பு என்று சேர் சொல்லுவார். கம்பியூட்டர் வேலை முழுவதும் மதுஷாவுடையது. நாங்கள் வீடு கட்டிய அதே கிரிகலைத் தோட்டத்துப் பிள்ளை அவள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, மலைப்பாதையில் நடந்து போய்ப் படித்து, பல்கலைக்கழகம் முடித்து வந்தவள். எங்கள் ஆட்கள் அக்காவைக் கூப்பிடுவது போல என்னை ராத்தா என்று கூப்பிடுவாள். எனக்குக் கூடப்பிறந்த தங்கை இல்லை, அதனால் அந்தச் சொல்லில் நான் கொஞ்சம் மயங்கித்தான் போயிருந்தேன்.

கிரிகலையில் ஏழு லயம். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு காம்பரா, ஒரு காம்பரா என்றால் ஒரு குடும்பத்தின் ஒற்றையறை வீடு, எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே, ஒரு சுவரை இரண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொண்டு. போன வருடத்து அடைமழையில் லயங்களுக்கு மேலே மலை நீளமாக வெடித்தது. பக்கத்துத் தோட்டத்தில் அப்படி வெடித்த மலை ஒரு நாள் இறங்கி வந்து ஆட்களையும் ஆடுகளையும் சேர்த்து மூடியிருந்தது. அதிலிருந்து கிரிகலையில் வானம் இருட்டினாலே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடுவார்கள். எங்கள் திட்டத்தால் முதல் கட்டமாக ஏழு வீடுதான் கட்ட முடிந்தது. இரண்டாம் கட்டம் எப்போது என்று கேட்டால் சேர் கூரையைப் பார்ப்பார். ஆகவே லயத்துக்கு ஒரு வீடு, அது யாருக்கு என்பது குலுக்கலில், என்று முடிவானது. மதுஷாவின் அப்பாவும் அம்மாவும் மூன்றாம் லயத்தில், வெடிப்புக்கு நேர் கீழே இருந்தார்கள். மதுஷா தன் சம்பளத்தில் பதுளையில் ஒரு அறை எடுத்துக் கூப்பிட்டும் பார்த்தாள். தோட்டத்துப் பதிவில் பெயரை வெட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார்.

குலுக்கலுக்கு அவள் எழுதிய கம்பியூட்டர் நிரல் சின்னது. முதலாம் லயம், இரண்டாம் லயம் என்று ஒவ்வொன்றாகச் சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் ஓர் எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுக்கும். அந்த எண்ணுள்ள காம்பராக்காரருக்கு வீடு. சனத்துக்குக் கொஞ்சம் பரபரப்பு இருக்கட்டும் என்று, லயத்துக்கு ஒரு தடவை பொத்தானைத் தட்டவேண்டும் என்று வைத்திருந்தாள். அலுவலகத்தில் என் முன்னால் எத்தனையோ தடவை தட்டிக் காட்டினாள். மூன்று, பதினொன்று, எட்டு, மறுபடி மூன்று என்று எண்கள் தாறுமாறாக வந்தன. அப்படித்தான் வரவும் வேண்டும்.

விழா நாளில் கொழும்புப் பெரிய மனிதர் பிந்தி வந்தார். வந்ததும் போகவேண்டும் என்றார். சேர் வேர்த்து விறுவிறுத்து மதுஷாவிடம் ஓடி வந்தார்.

"பிள்ளை, ஐயாவுக்கு நேரமில்லையாம். ஒவ்வொண்டாத் தட்டிக்கொண்டு நிக்கேலாது. ஏழையும் ஒரேயடியாக் காட்டுற மாதிரி மாத்தும் பாப்பம்."

"இப்பவேங்களா சேர்?"

"இப்பவேதான்."

தட்டலுக்காகக் காத்திருக்கும் அந்த ஒரு வரியை அவள் அழித்தாள். பெரிய மனிதர் தன் மோதிர விரலால் ஒரு தடவை தட்டினார். பந்தலுக்குள் கட்டியிருந்த வெள்ளைத் துணியில் ஏழு வரிகளும் ஒரே நொடியில் விழுந்தன. முதலாம் லயம், பன்னிரண்டு. இரண்டாம் லயம், பன்னிரண்டு. மூன்றாம் லயம், பன்னிரண்டு. ஏழாம் லயம் வரைக்கும் பன்னிரண்டுதான்.

பெரிய மனிதர் கை தட்டினார். வேறு யாரும் தட்டவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஏதோ எழுத்துப் பிழையாக்கும் என்று நினைத்தேன். ஆனால் அந்த எண்ணின் அர்த்தம் தோட்டத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பன்னிரண்டாம் காம்பரா என்றால் லயத்தின் கடைசி வீடு, தொங்கல் காம்பரா. ஒன்றாம் காம்பரா பாதையை ஒட்டியிருக்கும், இதற்குத்தான் பக்கச் சுவருக்கு வெளியே இடம் உண்டு, அந்தச் சுவரில் ஜன்னல் வைக்கலாம், பக்கத்தில் நாலு பாத்தி மரக்கறி போடலாம், மாட்டுக்கு ஒரு பட்டி அடிக்கலாம். அந்தக் காலத்தில் கங்காணிமார் இருந்த வீடு. இப்போது தொழிற்சங்கத்தின் லயத் தலைவர்மார் இருக்கும் வீடு. கிரிகலையில் ஏழு தொங்கல் காம்பராவிலும் ஏழு தலைவர்கள் இருந்தார்கள். மூன்றாம் லயத்துத் தலைவர் மாடசாமி. மதுஷாவின் அப்பா.

மூன்றாம் லயத்து இராக்கம்மாதான் முதலில் எழுந்தாள். ஐந்தாறு பேர் தூக்கும் கொழுந்தை ஒரு ஆளாகத் தூக்குகிற பெண்பிள்ளை, குரலும் அப்படித்தான்.

"ஏழு லயத்துக்கும் தொங்க காம்பராவா? ஏழு வீடும் தலைவருமாருக்கா? இதுக்குத்தான் பந்தல் போட்டு எங்கள கூப்புட்டீங்களா?" என்றாள். பிறகு விரலை நீட்டினாள். "அந்தப் பெட்டிக்கு முன்னால உக்காந்திருக்கிறது யாருன்னு பாருங்க. மாடசாமித் தலைவரு மக!"

மதுஷாவின் முகத்தில் இரத்தமே இல்லை. நான் அவள் கையைப் பிடித்து வேனுக்கு இழுத்துக்கொண்டு போனேன். பின்னால் இருந்து யாரோ கள்ளி என்று கத்தினார்கள். அந்தக் குரல் ஆண் குரல். யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் இறங்கிப் போய் இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன்.

மறுநாள் காலை நான் அலுவலகத்துக்கு வந்தபோது அவள் எனக்கு முன்பே வந்து கம்பியூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"ராத்தா, இங்க வந்து பாருங்க" என்றாள்.

தட்டினாள். ஏழு வரிகளிலும் நான்கு. மறுபடி தட்டினாள். ஏழிலும் ஒன்பது. இன்னொரு தடவை. ஏழிலும் இரண்டு. ஜின் பிடித்த பெட்டி மாதிரி இருந்தது.

"நேத்து நாலு வந்திருந்தா யாரும் ஒண்ணும் பேசியிருக்க மாட்டாங்க. கம்பியூட்டரு பழுதுன்னு சிரிச்சிருப்பாங்க" என்றாள். "இது என் பிழ ராத்தா. கள்ளம் இல்ல. ஆனா என் பிழ."

எனக்கு விளங்கும்படி அவள் சொன்னதை நான் சொல்கிறேன். கம்பியூட்டருக்குச் சொந்தமாகக் குருட்டாம்போக்கில் எண் எடுக்கத் தெரியாது. அதற்கென்று ஒரு பொருளை நிரலுக்குள் உண்டாக்க வேண்டும். அது உண்டாகும் கணத்தில் கடிகாரத்தைப் பார்த்து, அந்த நேரத்தை வைத்து எண்களைக் கலக்கிக்கொள்ளும். ஒரு கட்டுச் சீட்டைக் குலுக்குவது போல. பிறகு கேட்கக் கேட்க மேலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்துத் தரும். ஆகவே அதை ஒரு தடவைதான் உண்டாக்க வேண்டும், சுற்றுத் தொடங்குமுன், வெளியே. மதுஷா அதை உண்டாக்கும் வரியைச் சுற்றுக்கு உள்ளே எழுதிவிட்டாள். ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு புதுக் கட்டு பிறந்தது. ஏழு கட்டும் ஒரே கணத்தில் பிறந்ததால் ஏழும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து, ஒரே மாதிரிக் குலுங்கி, ஒரே மேல்சீட்டை நீட்டின. அலுவலகத்தின் அந்தப் பழைய லெப்டொப்பில் இருந்ததும் அந்த மென்பொருளின் பழைய பதிப்பு. புதிய பதிப்பில் இந்தக் கோளாறு இல்லையாம்.

"அப்ப எனக்கு முன்னால அத்தன தடவ தட்டிக் காட்டின நேரம் வேற வேற நம்பர்தானே வந்தது?"

"அப்ப ஒவ்வொரு லயத்துக்கும் நின்னு நின்னு தட்டுனேன். ஒரு தட்டுக்கும் மறு தட்டுக்கும் நடுவுல கடிகாரம் ஓடிரும். அதனால பிழ வெளிய தெரியல."

அந்தத் தட்டல்தான் பிழையை மூடிக்கொண்டு இருந்தது. சேர் அதை எடு என்றார், அவள் எடுத்தாள், குட்டு உடைந்தது. எனக்குச் சேர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மதுஷா அவர் பெயரை ஒரு தடவைகூட எடுக்கவில்லை. "வரியத் தப்பான எடத்துல எழுதுனது நான்தானே" என்றாள். அந்த வரியை வெட்டி, இரண்டு வரி மேலே கொண்டுபோய் ஒட்டினாள். தட்டினாள். ஆறு, ஒன்று, ஒன்பது, ஒன்பது, மூன்று, பதினொன்று, ஏழு. அவ்வளவுதான் வேலை. நான் என் கண்ணால் பார்த்தேன்.

சேரிடம் போய்ச் சொன்னோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பிழை எண்டு எழுதிக் குடுத்தா மேலிடம் எங்களை உயிரோட விடாது. தற்செயல் எண்டு சொல்லுவம். தற்செயல்தானே? எண் பன்னிரண்டு வந்தது தற்செயல்தானே பிள்ளை?"

"பன்னெண்டு வந்தது தற்செயல் சேர். ஏழு தடவ வந்தது என் பிழ. திருப்பி எடுக்கணும்."

"உம்மட அப்பாவின்ர வீடும் போயிடும். யோசிச்சனீரோ?"

"யோசிச்சேன் சேர்."

சேர் அன்றைக்குச் சம்மதிக்கவில்லை. ஆனால் தலைவர்கள் தங்கள் வீட்டுக் கதவுக்குத் திறப்பு வாங்கப் போன நாளில் கிரிகலை ஆட்கள் புது வீடுகளுக்குப் போகும் பாதையில் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்கள். கொழுந்து பறிக்கவும் போகவில்லை. தோட்டத்தை நடத்தும் துரை தொலைபேசியில் கத்தினார், சேர் எழுந்து நின்று கேட்டார், பிறகு மறு குலுக்கல் என்று தலையாட்டினார். இந்தத் தடவையாவது குடத்தைக் கொண்டு போவோம் என்று நான் மறுபடி சொன்னேன். இந்தத் தடவை அதை வேண்டாம் என்றது மதுஷாதான்.

"கொடத்துல எடுத்தா அவங்க நெனச்சது சரின்னு ஆயிரும் ராத்தா. காலத்துக்கும் நான் கள்ளிதான். பிழ எங்க இருந்துச்சின்னு சொல்லி, திருத்துனத அவங்க கண்ணு முன்னால ஓட்டிக் காட்டணும்."

அவளுக்கு மானம் பெரிது.

மறு குலுக்கல் நாளன்று காலையிலேயே எங்கள் சாரதி ரமேஸ் வேனில் எங்களைக் கிரிகலைக்குக் கொண்டுபோய் இறக்கினான். குலுக்கலுக்கு முன் வீட்டுக்கு ஒரு நடை போய்வரலாம் என்று மதுஷா கூப்பிட்டாள். மூன்றாம் லயத்து வாசல்களைத் தாண்டி நடந்தோம். வழக்கமாக அவள் வந்தால் வீட்டுக்கு வீடு கூப்பிட்டு நிறுத்துவார்களாம். அன்றைக்கு ஒரு வாசலிலும் குரல் இல்லை. ஒரு பெண் எங்களைக் கண்டதும் கழுவிக்கொண்டிருந்த சட்டியோடு உள்ளே போய்விட்டாள்.

தொங்கல் காம்பராவின் பின் சுவர் மேலிருந்து கீழாகப் பிளந்திருந்தது. என் கை முழுதாக உள்ளே போகும். பிளவில் பழந்துணியும் சிமெந்துப் பையும் திணித்திருந்தார்கள். அவளுடைய அம்மா சாமான்களை எல்லாம் உரப்பைகளில் கட்டி வாசலில் அடுக்கி வைத்திருந்தார். சுவரில் சாமிப் படங்கள் இருந்த இடங்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன.

"அன்னைக்கே கட்டிட்டேன், இன்னும் பிரிக்கல" என்றார் என்னிடம். பிறகு மகளிடம் திரும்பினார். "மிசினுதானே தப்பு பண்ணுச்சி. நம்ம கேட்டமா? குடுத்த வீட்ட நீயே போயி பிடுங்கிக் குடுக்கிறியே, இந்த மழைக்கு இந்தச் சுவரு தாங்குமா? நீ பதுளைல கல்லு வீட்டுல படுத்துக்கிற."

மதுஷா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அந்த அம்மாவோடும் கோபிக்க முடியவில்லை, பிள்ளையோடும் கோபிக்க முடியவில்லை.

மாடசாமித் தலைவர் திண்ணென்ற ஆள், வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். "அவள விடு" என்றார் மனைவியிடம். "நான் அன்னைக்கே கேட்டேன், நீ செஞ்சியா தாயின்னு. இல்லப்பான்னா. அதோட முடிஞ்சிச்சி." பிறகு சத்தம் குறைத்து, "முப்பது வருசமா தலைவரு. இப்ப தேத்தண்ணிக் கடையில நான் போயி உக்காந்தா பக்கத்துல உள்ளவன் எந்திரிச்சிப் போறான்" என்றார். அதை மகளுக்குச் சொன்னாரா எனக்குச் சொன்னாரா தெரியவில்லை.

குலுக்கல் கொழுந்து மடுவத்தில் நடந்தது. கொழுந்து நிறுக்கும் நீளமான கொட்டகை அது. இந்தத் தடவை வாழையும் இல்லை, பெரிய மனிதரும் இல்லை. பகல் வெளிச்சத்தில் துணியில் படம் தெரியாது என்பதால் மதுஷா லெப்டொப்பைப் பார்த்து எண்ணை வாசிப்பதென்றும், பக்கத்தில் இருந்து நான் கரும்பலகையில் எழுதுவதென்றும் ஏற்பாடு. திரை எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் எழுந்து நின்று பிழையை விளக்கினாள். சீட்டுக் கட்டு, கடிகாரம், உள்ளே, வெளியே, எல்லாம் சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள், எனக்குச் சொன்னதைவிடத் தெளிவாக. சனம் கேட்டுக்கொண்டிருந்தது. முடிந்ததும் இராக்கம்மா கேட்டாள்.

"எல்லாம் சரிங்க புள்ள. ஒரே நம்பருதான் வரும்னு வச்சிக்குவோம். அப்ப ஏன் என் அஞ்சாம் நம்பரு வரல? ஏன் ஆறு வரல? பாத்துப் பாத்து தொங்கதான் வரணுமா?"

"அது சும்மா அமைஞ்சதுங்க அக்கா. பன்னெண்டுல ஒண்ணு வரணும், அது வந்துருச்சி."

"சும்மா அமைஞ்சிச்சாம்" என்று யாரோ சொல்ல, மடுவம் முழுவதும் சிரித்தது. அவள் திரும்பி வந்து லெப்டொப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். நடந்தது அதுதான், அதைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

முன்போல லயத்துக்கு ஒரு தட்டாகவே மாற்றி வைத்திருந்தாள். முதலாம் லயத்துக்குத் தட்டினாள். எட்டு. எட்டாம் காம்பரா பூட்டிக் கிடக்கிறது, அவர்கள் கொழும்புக்கே போய்விட்டார்கள் என்று சனம் சொன்னது. அப்படி வந்தால் அந்த லயத்துக்கு மட்டும் திருப்பி எடுக்க அவள் ஒரு பொத்தான் வைத்திருந்தாள். எல்லோரும் சரி என்றார்கள், அதைத் தட்டினாள், இரண்டு வந்தது. இரண்டாம் காம்பராக்காரன் துள்ளிக் குதித்தான். இரண்டாம் லயத்துக்கு ஏழு. நான் எழுதினேன். சனத்தின் முகம் மெல்ல இளகியது. வேறு வேறு எண் வருகிறது, கண்ணுக்கு முன்னால் வருகிறது.

மூன்றாம் லயத்துக்குத் தட்டினாள்.

திரையில் பன்னிரண்டு.

நான் சுண்ணக்கட்டியோடு திரும்பியவள் அப்படியே நின்றேன். மதுஷா அசையவில்லை. மடுவத்தின் ஓரத்தில் அவளுடைய அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு நேராக நின்றார். அம்மா தூணோடு சாய்ந்து சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் இராக்கம்மா. மூன்றாம் லயம் என்றதும் எல்லாச் சத்தமும் நின்றிருந்தது. மழைத் தூறல் தகரத்தில் விழுவது கேட்டது.

அந்தப் பன்னிரண்டு களங்கமில்லாத பன்னிரண்டு. சரியான இடத்தில் உண்டாகி, சரியாகக் குலுங்கி, யாரும் கை வைக்காமல் வந்த எண். அந்தத் தாய்க்கு அந்த வீடு நியாயமாகக் கிடைத்துவிட்டது. வாயைத் திறந்து வாசிக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

மதுஷாவின் விரல் நகர்ந்தது. திருப்பி எடுக்கும் பொத்தானுக்குப் போனது. தட்டினாள்.

"மூணாம் லயம்" என்றாள், குரல் கொஞ்சம் உடைந்தது. "ஒம்பது."

ஒன்பதாம் காம்பராவில் கருப்பம்மா என்று ஒரு தனிக்கட்டை. யாரோடும் சண்டை போடாத, யாருக்கும் நினைவிலேயே இல்லாத பெண்பிள்ளை. அவள் அழ ஆரம்பித்தாள். மடுவம் கை தட்டியது. நான் ஒன்பது என்று எழுதினேன். சுண்ணக்கட்டி என் கையில் உடைந்து விழுந்தது.

நாலாம் லயத்துக்கு ஒன்று, ஐந்தாம் லயத்துக்கு பதினொன்று. ஆறாம் லயத்துக்குத் தட்டினாள். பன்னிரண்டு வந்தது. இந்தத் தடவை அவள் அப்படியே வாசித்தாள். ஒரு நொடி எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒரு கிழவர், "ஏழு பேருல ஒரு தலைவருக்காச்சும் அடிக்கத்தானே செய்யும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆறாம் லயத்துத் தலைவர் தோளில் தட்டி வாழ்த்துச் சொன்னார்கள். மதுஷா கீழே குனிந்து எதையோ தேடுவது போல இருந்தாள், கீழே ஒன்றும் விழவில்லை.

ஏழாம் லயத்துக்கு நான்கு வந்து எல்லாம் முடிந்ததும் இராக்கம்மா நேரே எங்கள் மேசைக்கு வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாரானேன். அவள் மதுஷாவை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"என்னைய மன்னிச்சிக்க தாயி. அன்னைக்கு வயித்தெரிச்சல்ல பேசிட்டேன். எனக்கு வரல, போகட்டும். ஒங்கப்பாவுக்கும் வரல பாரு. இப்பத்தான் நம்புறேன். இதுதான் ஞாயமான குலுக்கலு" என்றாள்.

மற்றப் பெண்களும் சுற்றி வந்து நின்றார்கள். ஒருத்தி அவள் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தாள். மாடசாமித் தலைவரைச் சுற்றியும் ஆட்கள் கூடிவிட்டார்கள். யாரோ அவருக்கு வெற்றிலை நீட்டினார்கள். அவர் மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நெஞ்சு நிறைந்த ஒரு பெருமை அந்த மனிதர் முகத்தில் இருந்தது. நான் அதைப் பார்க்க முடியாமல் பலகையை அழிக்கப் போனேன். அவளுடைய அம்மா மட்டும் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. தலைக்குச் சேலையைப் போட்டுக்கொண்டு தூறலில் இறங்கி, மூன்றாம் லயத்துப் பக்கம் ஏறிப் போனார்.

சேர் ஆனந்தத்தில் மிதந்தார். "பாத்தீரே பிள்ளை, எவ்வளவு வடிவா முடிஞ்சுது" என்றார். அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மதுஷாவை வேனுக்குப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"ஒனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு?" என்றேன். சத்தம் போடாமல் திட்டுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. "அது நியாயமா வந்த நம்பர். ஒங்கம்மாட வீடு அது. அந்தச் சுவருக்குக் கீழதான் அவங்க இன்னைக்கும் படுக்கணும். கள்ளம் செய்யல்ல, கள்ளம் செய்யல்லன்னு சொல்லிச் சொல்லி, கடைசியில கள்ளம் செஞ்சிட்டியே. அதுவும் பெத்தவங்களுக்கு!"

"ஆமாங்க ராத்தா" என்றாள். "அன்னைக்கு நான் ஒண்ணுமே செய்யல, எல்லாரும் கள்ளின்னாங்க. இன்னைக்குச் செஞ்சேன், கட்டிப் புடிக்கிறாங்க."

"நீ வாசிச்சிருக்கணும். ஆறாம் லயத்துக்கு வந்தத ஏத்துக்கிட்டாங்கதானே?"

"ஆறாம் லயத்துத் தலைவருக்கு கம்பியூட்டர் படிச்ச மக இல்லைங்களே."

அவள் முகத்தை இரண்டு கையாலும் துடைத்தாள். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்க எனக்குப் பக்கத்துலயே இருந்தீங்க. வரிய நான் மாத்துனத கண்ணால பாத்தீங்க. நீங்க சொல்லுங்க ராத்தா. பன்னெண்டுன்னு தெரையில வந்தப்ப நீங்க நம்புனீங்களா?"

நம்பினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எத்தனையோ பொய்யை வாய் கூசாமல் சொன்னவள் நான், அந்த ஒன்று மட்டும் வெளியே வரவில்லை. திரையில் அந்தப் பன்னிரண்டைக் கண்டதும், சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி நான் முதலில் நினைத்தது, அடிப்பாவி, செய்துவிட்டாளே என்றுதான்.